ஸ்பெயினின் கேட்டலோனியாவில் சோஷலிஸ்ட் கட்சி எப்படி முதலிடம் வந்தது? தனிநாடு கேட்டவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

பெல்லந்தூர்_வாசி

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலகத்துக்கு பார்சிலோனாவில் ஒரு கிளை உண்டு, போன மாதம் வேலையாக இரண்டு வாரம் அனுப்பியிருந்தார்கள். 2017-இல் டிவியில் பார்த்த ஊர்தான் என் மனதில் இருந்தது. அக்டோபர் 1 வாக்கெடுப்பு, ஓட்டுப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் போலீஸ், வயதானவர்கள் மேல் தடியடி. ஊரே தனிநாடு கேட்டுக் கொதித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். போய்ப் பார்த்தால் பால்கனிகளில் நட்சத்திரம் போட்ட அந்தக் கொடி இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொங்குகிறது, அதுவும் வெயிலில் வெளுத்து, சிவப்புக் கோடெல்லாம் ரோஸ் நிறமாகி, தீபாவளிக்குக் கட்டிய சீரியல் பல்பைப் பொங்கல் வரைக்கும் கழற்றாமல் விட்டது மாதிரி.

அப்புறம் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து தேர்தல் முடிவுகளைத் தேடிப் பார்த்தேன். 2024 மே 12 தேர்தலில் மொத்தம் 135 இடம், சோஷலிஸ்ட் (பிரிய வேண்டாம் என்பவர்கள்) 42, 2017 வாக்கெடுப்பை நடத்திய அப்போதைய முதல்வர் புஜ்டெமோனின் ஜுன்ட்ஸ் 35, தனிநாடு கேட்கும் இடதுசாரிக் கட்சியான எஸ்கெர்ரா 20, ஸ்பெயின் பிரியக் கூடாது என்ற வலதுசாரிகள் பி.பி. 15, வாக்ஸ் 11, மீதி சில்லறை. (135 என்றதும் 2023-இல் கர்நாடகாவில் காங்கிரஸ் வாங்கிய எண் ஞாபகம் வந்தது, கேட்டலோனியாவில் மொத்த சபையே அவ்வளவுதான்.) தனிநாடு கேட்கும் கட்சிகள் எல்லாம் சேர்ந்து 61. அதே கூட்டம் 2021-இல் 74 வைத்திருந்தது. மூன்று வருடத்தில் மனசு மாறிவிட்டதா?

இன்னொன்று, தனிநாட்டை எதிர்த்து 2017 டிசம்பரில் முதலிடம் வந்த சியுடடானோஸ் என்ற கட்சிக்கு அப்போது 36 இடம், 2021-இல் 6, 2024-இல் பூஜ்யம். நம் தே.மு.தி.க. 2011-இல் 29, 2016-இல் ஒன்றுகூட இல்லை என்று ஆனதே, அந்தக் கதைதானா?

அங்கே என் டீமில் இரண்டு பேரிடம் கேட்டேன். ஜிரோனாக்காரர், "யாரும் மாறவில்லை" என்றார். கொர்னெல்யாவிலிருந்து வரும் அம்மணி, "அது முடிந்த கதை" என்றார். இருவருக்கும் எதிரெதிர் மேசை, பதினோரு வருடமாக ஒன்றாக வேலை பார்க்கிறார்கள். யார் சொல்வது சரி?

அல்சூர்க்காரன்

இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. சீட்டை மட்டும் பார்த்தால் ஊரே புரண்டு படுத்தது போலத் தெரியும், தலையை எண்ணிப் பாருங்கள்.

2017 டிசம்பர் 21 தேர்தலில் தனிநாடு கட்சிகள் மூன்றும் சேர்ந்து வாங்கியது சுமார் 20 லட்சத்து 80 ஆயிரம் ஓட்டு, 47.5 சதவீதம், 70 இடம். 2021 பிப்ரவரியில், கொரோனா நடுவில் நடந்த தேர்தலில், ஒரு சீட்டும் கிடைக்காத பிரிந்துபோன குட்டிக் கட்சியையும் சேர்த்துக்கொண்டால்கூட சுமார் 14 லட்சத்து 40 ஆயிரம்தான். 2024-இல் சுமார் 13 லட்சத்து 50 ஆயிரம். ஆக பெரிய அடி விழுந்தது எப்போது? 2017-க்கும் 2021-க்கும் நடுவில், ஆறு லட்சத்துக்கும் மேல். அந்த 2021-இல்தான் அவர்களுக்கு 74 சீட்டு, முதல்முறையாகப் பாதிக்கு மேல் ஓட்டு சதவீதம், வெடி வெடிக்காத குறை!

ஏனென்றால் எதிரில் நின்றவர்கள் அதைவிடப் பலமாக விழுந்தார்கள். 2017-இல் வாக்குப்பதிவு 79 சதவீதம், 2021-இல் 51-தான். சியுடடானோஸ் மட்டுமே 11 லட்சத்திலிருந்து சுமார் 1 லட்சத்து 58 ஆயிரத்துக்கு இறங்கியது. அதனால் தனிநாட்டுக்காரர்கள் தாங்களும் ஆறு லட்சம் பேரை இழந்ததைக் கவனிக்கவே இல்லை. 2021-இல் விழுந்ததற்கு 2024-இல்தான் பில் வந்தது, அந்தத் தேர்தலில் வாக்குப்பதிவு கொஞ்சம் கூடியது, வந்த புது ஓட்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

சரி, உள்ளே நடந்ததையும் பாருங்கள். 2021-க்கும் 2024-க்கும் நடுவில் எஸ்கெர்ரா 6 லட்சத்திலிருந்து 4 லட்சத்து 27 ஆயிரத்துக்கு வந்தது. ஜுன்ட்ஸ் 5 லட்சத்து 70 ஆயிரத்திலிருந்து 6 லட்சத்து 75 ஆயிரத்துக்கு ஏறியது. தனிநாடு கேட்கும் தீவிர இடதுசாரிக் கட்சியான சி.யு.பி. 9 சீட்டிலிருந்து 4. புதிதாக அலியான்ஸா கதலானா என்று ஒன்று, ரிபோல் ஊர் மேயர் சில்வியா ஓரியோல்ஸின் கட்சி, தனிநாடும் வேண்டும் வெளிநாட்டுக்காரர்களும் வெளியேற வேண்டும் என்பவர்கள், 1 லட்சத்துக்கு மேல் ஓட்டு, ஜிரோனாவில் ஒன்று லெய்தாவில் ஒன்று என 2 சீட்டு. இதெல்லாம் ஒரே வீட்டுக்குள் பாயை மாற்றிப் போட்டுப் படுப்பது. நான் பார்த்தவரைக்கும் அந்த ஊரில் ஓட்டு சுவரைத் தாண்டுவது குறைவு. அறைக்குள்ளேயே நகரும், கோபம் வந்தால் வீட்டிலேயே உட்கார்ந்துவிடும். உங்கள் ஜிரோனாக்காரர் "யாரும் மாறவில்லை" என்று சொல்வது இந்த அர்த்தத்தில் உண்மை.

தங்கவயல்_பேத்தி

அல்சூர் அண்ணா கணக்கு சரி. ஆனால் "வீட்டில் உட்கார்ந்தார்கள்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். யார் வீட்டில் உட்கார்ந்தது என்பதுதானே கதை.

1950-களிலிருந்து 70-கள் வரைக்கும் அண்டலூசியா, முர்சியா, எக்ஸ்ட்ரமதுரா பக்கத்து ஏழைச் சனங்கள் லட்சக்கணக்கில் ரயிலேறி பார்சிலோனா வந்தார்கள். சீட் (SEAT) கார் தொழிற்சாலை, துணி மில், கட்டட வேலை. லோஸ்பிதலெட், கொர்னெல்யா, சாந்தா கொலோமா என்று நகரத்தைச் சுற்றி அவர்களுக்கென்றே ஊர்கள் முளைத்தன. வீட்டில் ஸ்பானிஷ், பிள்ளைகளுக்குப் பள்ளியில் கேட்டலன். உங்கள் கொர்னெல்யா அம்மணி அந்த வழியில் வந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

இவர்கள் நாடாளுமன்றத் தேர்தல் என்றால் சோஷலிஸ்டுக்குக் குவித்துப் போடுவார்கள். கேட்டலோனியாவின் சொந்த சபைக்குத் தேர்தல் என்றால் "அது அவங்க தேர்தல், நமக்கென்ன" என்று பாதிப் பேர் போகவே மாட்டார்கள். ஜோர்டி புஜோல் 1980-இலிருந்து 2003 வரை 23 வருடம் அங்கே முதல்வராக இருந்தாரே, அதில் இந்தப் போகாதவர்களின் பங்கு பெரியது.

எனக்கு இது படித்துத் தெரிய வேண்டியதில்லை. எங்கள் தாத்தா சாம்பியன் ரீஃபில் சுரங்க வேலை. வடாற்காட்டிலிருந்து போனவர். 2001-இல் சுரங்கம் மூடியதும் அப்பா தினமும் சொர்ணா எக்ஸ்பிரஸ் பிடித்து பெங்களூர் வேலைக்கு வந்தவர், பிறகு குடும்பத்தோடு ராமமூர்த்தி நகர். தங்கவயல் தொகுதியில் ஒரு காலத்தில் அண்ணா தி.மு.க. ஜெயிக்கும், குடியரசுக் கட்சி ஜெயிக்கும், கர்நாடகத்தில் வேறு எங்கே இது நடக்கும்? 2008-லும் 2013-லும் பா.ஜ.க., 2018-லும் 2023-லும் காங்கிரஸ். தமிழர்கள் காணாமல் போய்விட்டார்களா? அதே தெரு, அதே சனம். "நம்ம கட்சி" என்று ஒன்று இருந்தது, அதனால் இனி காரியம் ஆகாது என்று தெரிந்ததும் ஊர்க் கட்சிக்குப் போய்விட்டோம்.

சியுடடானோஸ் கதையும் அதுதான். 2017-இல் நாடு பிரிந்துவிடுமோ, நாளைக்கு நாம் நம் ஊரிலேயே வெளிநாட்டுக்காரர் ஆகிவிடுவோமோ என்ற பயத்தில், வாழ்நாளில் அந்தத் தேர்தலுக்கே போகாதவர்கள்கூட வரிசையில் போய் நின்றார்கள். 79 சதவீதம் அப்படி வந்தது. அந்தக் கட்சியின் இனேஸ் அர்ரிமதாஸ் பிறந்ததே அண்டலூசியாவின் ஹெரெஸில். ஓட்டில் முதலிடம், சீட்டில் முதலிடம், ஆனால் ஆட்சி அமைக்க எண்ணிக்கை இல்லை. சரி, தோற்றாலும் பரவாயில்லை என்று சபையில் எழுந்து நின்று ஒருமுறை கேட்டிருக்கலாம், அதையும் செய்யவில்லை, 2019-இல் மாட்ரிட் நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார். 11 லட்சம் பேர் பயந்துபோய் கையில் கொடுத்த ஓட்டு அது. எனக்கே கோபம் வருகிறது, அவர்களுக்கு வராதா?

அந்தச் சனங்கள் 2021-இல் வீட்டில் உட்கார்ந்தார்கள், பிறகு பழைய வீடான சோஷலிஸ்டுக்கே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். இந்தக் கட்சியில் ஏற்கெனவே ஹோசே மொந்தில்யா என்று ஒருவர் 2006 முதல் 2010 வரை கேட்டலோனிய முதல்வராக இருந்திருக்கிறார், பிறந்தது அண்டலூசியாவின் கொர்தோபா மாகாணத்தில். அவர் பேசும் கேட்டலனை வைத்து ஊரே கிண்டலடித்தது. ஒரு தமிழர் விதான சௌதாவில் முதல்வராக உட்கார்ந்து அவருடைய கன்னடத்தை டிவியில் கிண்டலடிப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

மல்லேஸ்வரம்_மாமா

42 பேரை வைத்துக்கொண்டு ஆட்சியா? பஸ், ரிசார்ட், கூவத்தூர் எதுவும் இல்லாமலா? என்னப்பா ஊர் இது.

அப்புறம் அந்த சோஷலிஸ்ட் தலைவர் பேர் சால்வதோர் இல்லா என்று பேப்பரில் போட்டிருந்தான். இல்லா எப்படி இருக்கிறார் என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை.

கோரமங்களா_4வது_பிளாக்

மாமா, அது "இல்யா" மாதிரி உச்சரிக்க வேண்டுமாம், ஆனால் உங்களுடையதே நன்றாக இருக்கிறது. ஆளும் கிட்டத்தட்ட அப்படித்தான், சத்தமே இல்லாத மனிதர். கொரோனா காலத்தில் ஸ்பெயினின் சுகாதார அமைச்சர், அடிக்கடி டிவியில் வந்து ஒரே குரலில் நிலவரம் சொன்னவர். பத்து வருடம் கத்திக் கேட்டுக் காது வலித்த ஊருக்கு அந்தக் குரலே மருந்தாகத் தெரிந்திருக்கலாம்.

ஆனால் முதல் பதிலோடு எனக்கு ஒப்புதல் இல்லை. வாக்குப்பதிவு ஏறியது இறங்கியது என்ற கணக்கிலேயே எல்லாம் அடங்கிவிடும் என்றால் ஆட்சி நடத்தியவர்கள் தப்பித்துவிடுவார்கள். எஸ்கெர்ரா 33-லிருந்து 20-க்கு விழுந்தது வெறும் பாய் மாற்றம் இல்லை. 2022 அக்டோபரில் ஜுன்ட்ஸ் கூட்டணி அரசைவிட்டு வெளியேறியது, அதற்குப் பிறகு எஸ்கெர்ராவைச் சேர்ந்த முதல்வர் பெரே அரகோனெஸ் 33 பேரை வைத்துக்கொண்டு தனியாக ஓட்டினார். வறட்சி. 2024 பிப்ரவரி 1-ஆம் தேதி அணைகளில் 16 சதவீதத்துக்கும் கீழே தண்ணீர் போய், பார்சிலோனா உட்பட அவசரநிலை அறிவித்தார்கள். அதே மார்ச்சில் நாம் இங்கே போர்வெல் வற்றி, டேங்கர்காரருக்கு போன் போட்டுப் போட்டு, அவர் சொன்ன விலைக்கு வாயை மூடிக்கொண்டு தலையாட்டியது ஞாபகம் இருக்கிறதா? அந்த மனநிலையில் ஓட்டுப் போடப் போகிறவனிடம் போய் தனிநாடு பற்றிப் பேசிப் பாருங்கள். எங்கள் அப்பார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவில் அந்த ஒரு மாதம் மோடியும் இல்லை ராகுலும் இல்லை, வாளிக் கணக்குதான்.

மார்ச்சிலேயே அங்கே பட்ஜெட்டும் ஒரே ஓட்டில் தோற்றது. தாரகோனா பக்கம் ஒரு பெரிய சூதாட்ட விடுதித் திட்டம், அதைக் கைவிடாவிட்டால் ஆதரவில்லை என்று இடதுசாரி கொமூன்ஸ் கட்சி நின்றுவிட்டது, அரகோனெஸ் உடனே முன்கூட்டித் தேர்தலை அறிவித்தார். தண்ணீர் இல்லாத ஊரில் கேசினோவுக்காகக் கவிழ்ந்த பட்ஜெட்! தேர்தல் நாளன்று காலையில் செம்புக் கம்பியை யாரோ திருடிவிட்டு உள்ளூர் ரயில்கள் அங்கங்கே நின்றது தனிக்கதை. அந்தத் தண்டவாளமும் ரயிலும் அப்போது மாட்ரிட் அரசின் கையில், தனிநாட்டுக்காரர்கள் வருடக்கணக்காகச் சொல்லும் புகாரே அதுதான், ஆனாலும் அன்றைக்கு அது யாருக்கும் ஓட்டாக மாறவில்லை.

இன்னொரு பெரிய காரணம், சிறை. 2017 வாக்கெடுப்பு வழக்கில் எஸ்கெர்ரா தலைவர் ஜுன்கெராஸுக்கு 13 வருடம் என்று 2019-இல் தீர்ப்பு வந்தபோது தெருவெல்லாம் நெருப்பு. 2021 ஜூனில் ஒன்பது தலைவர்களுக்கு மன்னிப்பு கொடுத்து வெளியே விட்டார் பெத்ரோ சாஞ்செஸ். 2023-இல் தன் பிரதமர் பதவிக்கு ஜுன்ட்ஸின் 7 எம்.பி.க்கள் தேவைப்பட்டதும் பொதுமன்னிப்புச் சட்டத்துக்கும் சம்மதித்தார். மாட்ரிட்டில் இதற்காக அவரைத் திட்டாதவர் இல்லை, பதவிக்காகச் செய்தார் என்பதும் பொய்யில்லை. ஆனால் சிறையில் ஆள் இல்லை என்றால் பால்கனியில் கொடி எதற்கு?

அல்சூர்க்காரன்

கோரமங்களா, சிறை விஷயம் ஒத்துக்கொள்கிறேன், அதை நான் எழுதியிருக்க வேண்டும். எஸ்கெர்ராவிலிருந்து கொஞ்சம் பேர் நேராக சோஷலிஸ்டுக்கும் போயிருப்பார்கள், இரண்டும் இடதுசாரி, சுவர் அங்கேதான் மெலிது. ஆனால் சோஷலிஸ்ட் ஆறரை லட்சத்திலிருந்து சுமார் 8 லட்சத்து 73 ஆயிரத்துக்கு ஏறியதில் பெரும்பகுதி அந்த வழியாக வந்தது என்றால் நம்ப மாட்டேன். தங்கவயல் தங்கச்சி சொன்ன ஆட்கள்தான் அதில் அதிகம் என்பது என் எண்ணம்.

நம் ஆட்கள் ரசிக்கும் இன்னொரு விஷயம், தொகுதி எடை. பார்சிலோனா மாகாணத்துக்கு 85 சீட்டு, தாரகோனாவுக்கு 18, ஜிரோனாவுக்கு 17, லெய்தாவுக்கு 15. ஜனத்தொகையைப் பார்த்தால் லெய்தாவில் ஒரு ஓட்டுக்கு பார்சிலோனா ஓட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எடை. இது 1979 சட்டத்தில் தற்காலிக ஏற்பாடாக எழுதியது, 17 சுயாட்சிப் பகுதிகளில் சொந்தத் தேர்தல் சட்டம் இயற்றாத ஒரே பகுதி கேட்டலோனியா, ஏனென்றால் மாற்றினால் யாருக்கு நஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். 2017-இல் 47.5 சதவீதம் ஓட்டுக்கு 70 சீட்டு எப்படி வந்தது என்றால் இப்படித்தான், கிராமப்பக்கம் தனிநாட்டுக்காரர்களின் கோட்டை. அந்தச் சலுகையை வைத்துக்கொண்டும் 2024-இல் 61-தான் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொகுதி மறுவரையறை என்றதும் நாம் சென்னையில் பேசுவது நியாயமா பெங்களூரில் கேட்பது நியாயமா என்று இங்கே சண்டை வேண்டாம், இன்னொரு நாள்.

மாமாவுக்குப் பதில்: பெரும்பான்மைக்கு 68. சோஷலிஸ்ட் 42, எஸ்கெர்ரா 20, கொமூன்ஸ் 6, கூட்டிப் பாருங்கள், மிகச் சரியாக 68. ஒருவருக்குக் காய்ச்சல் வந்திருந்தாலும் சிக்கல். ஆகஸ்ட் 26-க்குள் முதல்வரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக மறுதேர்தல். எஸ்கெர்ரா தன் உறுப்பினர்களிடமே ஓட்டெடுப்பு நடத்தியது, 53.5 சதவீதம் பேர் சரி என்றார்கள். அதற்கு விலை, கேட்டலோனியாவின் வரிகளைக் கேட்டலோனியாவே வசூலிக்கும் ஏற்பாட்டுக்கு சோஷலிஸ்ட் கொடுத்த வாக்குறுதி. பாஸ்க் பகுதியும் நவார்ராவும் ஏற்கெனவே அப்படித்தான், தாங்களே வசூலித்து மாட்ரிட்டுக்கு ஒரு பங்கைக் கொடுக்கிறார்கள். நாம் ஜி.எஸ்.டி. பங்குக்காகக் கொடுக்கும் குரலை அங்கே அப்படியே கேட்கலாம். மற்ற மாநிலங்கள், சோஷலிஸ்ட் கட்சிக்காரர்களே சிலர் உட்பட, இதற்குக் கொதித்தார்கள்.

ஆகஸ்ட் 8-ஆம் தேதி 68-க்கு 66 என்று இல்லா வென்றார். வராத அந்த ஒரு ஓட்டு புஜ்டெமோன். ஏழு வருடம் வெளிநாட்டில் இருந்தவர், கைது வாரண்ட் இருக்கும்போதே அன்று காலை பார்சிலோனா வெற்றி வளைவுப் பக்கம் மேடையேறி, சில நிமிடம் பேசி, இறங்கி, மாயமாகிவிட்டார். கேட்டலோனியப் போலீஸ் நகரத்தைச் சுற்றிச் சாலைகளை மறித்துத் தேடியும் கிடைக்கவில்லை. தேடிய போலீசிலேயே சிலர் தப்பிக்க உதவினார்கள் என்று கைதானார்கள்.

மல்லேஸ்வரம்_மாமா

ரிசார்ட் இல்லை என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இது அதைவிட நன்றாக இருக்கிறது.

பெல்லந்தூர்_வாசி

எல்லோருக்கும் நன்றி. தங்கவயல் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று வீடியோ காலில் வேலை முடிந்ததும் இருவரையும் மெதுவாக விசாரித்தேன்.

கொர்னெல்யா அம்மணியின் பெற்றோர் அண்டலூசியாவின் ஹாயென் மாகாணத்திலிருந்து வந்தவர்களாம். அம்மா 2017-க்கு முன்னால் நாடாளுமன்றத் தேர்தலுக்கு மட்டுமே போவாராம், அந்த ஒரு தடவை மட்டும் விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றாராம். 2021-இல் போகவில்லை. 2024-இல் மகளோடு போய் சோஷலிஸ்ட். "சொன்னேனே, முடிந்த கதை" என்றார் மறுபடியும்.

ஜிரோனாக்காரர் முதலில் பேசவில்லை. 2017-இல் எஸ்கெர்ரா, 2021-இல் போகவில்லை, 2024-இல் ஜுன்ட்ஸ் என்று சொன்னார். தம்பி அலியான்ஸாவுக்குப் போட்டுவிட்டானாம், அதனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் இப்போது அரசியல் பேசுவதில்லையாம், கால்பந்து மட்டும்தான்.

உங்கள் வீட்டுக் கொடி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். கயிறு இற்றுப்போய் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்குகிறதாம், கழற்றலாம் என்று இரண்டு தடவை பால்கனிக்குப் போனாராம், எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்ததால் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாராம்.